திருகோணமலை: கொம்பில் தங்கூசி வலை சிக்கிய புள்ளிமான், மயக்க ஊசிக்கு முன் என்னென்ன ஆயத்தம் வேணும்?

கடற்கரைக் காவல்
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை ரவுணுக்கு வெளியில, கடற்கரைப் பக்கமா கோயிலோட சேர்ந்த வளவு ஒண்டில அனுமதியோட வைச்சிருக்கிற மான்களைப் பராமரிக்கிற ஆக்களில நானும் ஒராள். கோட்டைக்குள்ளயும் கடற்கரை வீதியிலயும் தன்பாட்டில திரியிற மான்களை உங்களுக்குத் தெரியும். இதுகள் வேற, வேலிக்குள்ளயே பிறந்து வளந்ததுகள்.

எங்கட பெரிய கொம்பன் ஒண்டுக்குக் கொம்பில தங்கூசி வலை, மெல்லிசு நைலோன் இழையில பின்னின மீன்வலை, சிக்கிட்டுது. வேலி பிஞ்ச இடத்தில ஆரோ பழைய வலையைக் கட்டி ஒட்டுப்போட்டிருக்கினம். அதில கொம்பை உரசப் போய் வலையையே பிடுங்கிக்கொண்டு வந்திட்டுது. இப்ப ரெண்டு கொம்பையும் சுத்திக் கிடக்கு. ஒரு இழை இடப்பக்கக் காதடியை அறுத்துக்கொண்டு உள்ள இறங்கியிருக்கு. காயத்தில ஈ மொய்க்குது, காத்து எங்கட பக்கம் அடிச்சா மணக்குது. புழு வைச்சிட்டுது எண்டு நினைக்கிறன். தீன் எடுக்குது, நடக்குது.

வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிச்சாச்சு. வனவிலங்கு மிருக வைத்தியர் ஒருவர் வாறதா ஒப்புக்கொண்டிருக்கிறார், நாள் மட்டும் இன்னும் சரிவரேல்லை. அதுக்குள்ள சிலபேர் "மாட்டுக்குப் போடுற மயக்க ஊசி கிடக்குதானே, நாங்களே போட்டு வலையை வெட்டி விடுவம்" எண்டு நிக்கினம். எனக்கு அதில துப்பரவா விருப்பமில்லை. டொக்டர் வாறதுக்கு முன்னம் நாங்கள் என்ன ஆயத்தம் செய்யவேணும்? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

கிண்ணியாப் பட்டி
காக்கா, ஊசி எதுக்கு? நாங்க எருமைக்கண்டையே கயித்தில மடக்கிப்போட்டுக் காயத்துக்கு மருந்து கட்டுறம். மான் எவ்வளவு பாரம்? நாலைஞ்சு பேர் வலையோட சுத்தி நிண்டு ஒரு மூலைக்கு விரட்டினா அமுக்கிப் பிடிச்சிரலாம். பத்து நிமிச வேலை. மயக்க மருந்துதான் ஆபத்து எண்டு நான் நினைக்கிறன்.

வடகீழ் மிருகவைத்தியர்
கிண்ணியாப் பட்டி சொல்வது மாட்டுக்குச் சரி. மானுக்கு இதுதான் எமன். பல இடங்களில் இதே யோசனையை முதலில் சொல்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எருமை மனிதரோடு பழகின மிருகம். கட்டிப்போட்டால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு அடங்கிவிடும். மான் அடங்காது. வேலிக்குள் பிறந்ததாக இருந்தாலும், கையிலிருந்து வாழைப்பழத் தோல் வாங்கித் தின்றாலும், பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்த கணத்திலிருந்து உயிர்போகிற மாதிரித்தான் போராடும். துரத்தும்போது தசைகளில் லக்டிக் அமிலம் சேரும், உடம்புச் சூடு ஏறும், தசை நார்கள் சிதையும். சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்போது சிறுநீர் கறுத்த தேயிலைச் சாயம் மாதிரிப் போகும். மான் அன்றைக்கே விழலாம். அல்லது காயம் ஆறிவிட்டது, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நீங்கள் சந்தோசப்பட்டுச் சில நாட்கள் போனபிறகு, ஒரு காலையில் பின்னங்கால் இழுபட்டுக் கிடக்கும். பிடிப்புத் தசைநோய் என்பது இதைத்தான். வந்துவிட்டால் வைத்தியம் செய்து காப்பாற்றுவது மிகக் கடினம்.

கழுத்து முறிவது, கொம்பால் பிடிக்கிறவரின் வயிற்றில் குத்துவது எல்லாம் இதற்கு மேலே. கொம்பு முற்றின ஆண்மானை வெறுங்கையால் பிடிக்க ஒருவரையும் விடாதீர்கள்.

ஆனால் ஊசி போட்டால் இந்த ஆபத்து போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். ஊசி போடுவதற்கு முன்னால் மானை வளவெல்லாம் ஓட்டினீர்கள் என்றால் தசை ஏற்கெனவே சிதையத் தொடங்கிவிட்டது. பதற்றத்தில் நிற்கிற மானுக்கு அதே அளவு மருந்து சரியாக ஏறாது. ஏறவில்லை என்று இன்னொரு ஊசி, பிறகு இன்னொன்று என்று போட்டு, கடைசியில் எல்லாம் சேர்ந்து மூச்சை நிறுத்தும். மான் அமைதியாக நிற்கும்போது, ஒரே ஊசியில், போதிய அளவு. இதுக்கு ஆயத்தம் செய்வதுதான் உங்கள் பங்கு. மருந்தை வருகிற டொக்டர் பார்த்துக்கொள்வார்.

உவர்மலை அக்கா
வாசிக்கவே நெஞ்சு பதறுது. ரவுணுக்குள்ள குப்பைமேட்டில பொலித்தீன் தின்னுற மான்களைத் தினமும் பாக்கிறன், அதுகளுக்கு என்ன செய்யிறது எண்டே தெரியேல்லை. ஒரு கேள்வி: ஊசி இல்லாமல், வாழைப்பழத்துக்குள்ள நித்திரைக் குளிசையை வைச்சுக் குடுத்து அது படுத்தாப்பிறகு வலையை வெட்டேலாதா? அதுக்கு நோகவும் நோகாது.

பழைய கூண்டுக்காவலர்
அக்காவின்ர இரக்கம் விளங்குது, ஆனா அது சரிவராது. நான் மிருகக்காட்சிசாலையில கனகாலம் மான், மரை கூண்டுகளில வேலை செய்தவன். மான் அசைபோடுற மிருகம். குளிசை முதல்ல பெரிய இரைப்பைக்குள்ள போய், அங்க கிடக்கிற அவ்வளவு தீனோடையும் கலக்கும். எப்ப ஏறும், எவ்வளவு ஏறும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது. கூட நிக்கிற மான் பழத்தைப் பறிச்சுத் தின்னவும் கூடும். அரைமயக்கத்தில தள்ளாடுற மான் வேலியில மோதும், தண்ணித் தொட்டிக்குள்ள முகத்தை விட்டுக்கொண்டு விழும், மற்ற ஆண்மான்கள் அதின்ர பலவீனத்தைக் கண்டு குத்தும்.

கடற்கரைக் காவல் தம்பிக்குச் சொல்லுறன். முதல் வேலை, மானைத் தனியாப் பிரிக்கிறது. துரத்திப் பிரிக்காதை. சின்ன அடைப்பு ஒண்டு கட்டி, அதுக்குள்ள மட்டும் நல்ல தீன் போடு. குழை, பலாத்தோல், அது விரும்புறது எதெண்டாலும் சரி. தானா உள்ள போய்த் தின்னப் பழகட்டும். பிறகு ஒரு நாள் கதவைச் சத்தமில்லாமச் சாத்து. அடைப்பின்ர சுத்துமதில் பலகை இல்லாட்டி சாக்குத் துணியா இருக்கவேணும். கம்பிவலைக்குள்ளால வெளி தெரிஞ்சா அதுக்குள்ள பாய்ஞ்சு மூஞ்சியை உடைச்சுப்போடும். மறைச்சிருந்தா அந்தளவு மோதாது. இருட்டு எவ்வளவு கூடவோ அவ்வளவுக்கு மான் அமைதி.

தண்ணித் தொட்டி, கல்லு, கம்பி, ஆணி எல்லாத்தையும் அதுக்குள்ளயிருந்து எடுத்துப்போடு. உங்கட வளவு கடலோரம் எண்டபடியால் சொல்லுறன், அந்த அடைப்பு பாறைப் பக்கமோ பள்ளத்துப் பக்கமோ இருக்கக் கூடாது. ஊசி ஏறின மானுக்குக் கண் தெரியாது, கால் நிக்காது.

கடற்கரைக் காவல்
நன்றி அண்ணை. அடைப்பு வேலை இண்டைக்கே துவங்கிறம். டொக்டருக்கு ஒரு கேள்வி. மாட்டுக்கு எண்டு வாங்கி வைச்ச சைலசீன் மயக்க மருந்துப் போத்தல் இஞ்ச இருக்கு. ஒரு மில்லிலீற்றரில 20 மில்லிகிராம் எண்டு போட்டிருக்கு. வாற டொக்டருக்கு இது உதவுமா?

வடகீழ் மிருகவைத்தியர்
கணக்குப் போட்டுப் பார்ப்போம். மான் 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால் 120 மில்லிகிராம். உங்கள் போத்தலில் அது 6 மில்லிலீற்றர். மானுக்கு ஊதுகுழலால் அடிக்கிற சிரிஞ்சில் 3 மில்லிலீற்றர்தான் பெரும்பாலும் கொள்ளும், அதுவே பாரம் கூடி நேராகப் பறக்காது. அதனால்தான் வனவிலங்கு வேலைக்கு ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் செறிவுள்ளதைத் தேடுகிறோம், அதே அளவு 1.2 மில்லிலீற்றரில் முடிந்துவிடும். ஜேர்மனியில் மியூனிக் நகரத்து ஹெலாபுருன் மிருகக்காட்சிசாலையின் பெயரில் ஒரு கலவை உண்டு. ஒரு மில்லிலீற்றரில் 125 மில்லிகிராம் சைலசீனும் கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்து 100 மில்லிகிராமும் வரும். உலர்ந்த சைலசீன் தூளைக் கெட்டமினிலேயே கரைத்து எடுப்பார்கள். ஊசியின் கனவளவைக் குறைக்கத்தான் இவ்வளவு பாடும். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு ஒருவரும் கையில் சிரிஞ்சை எடுக்க வேண்டாம். அளவு மானின் வயது, கொழுப்பு, நோய், பதற்றம், வயிற்றில் குட்டி என்று ஆளுக்காள் மாறும்.

இன்னொரு முக்கியமான விசயம். சைலசீன் மட்டும் போட்ட மான் தலையைத் தொங்கப்போட்டு, எச்சில் வடித்து, படுத்துவிடும். பார்த்தால் ஆழ்ந்த நித்திரை. ஒரு சத்தம், ஒரு தொடுகை போதும், துள்ளி எழும்பி உதைக்கும். அதுக்குத்தான் கெட்டமினைச் சேர்க்கிறோம். சிலர் சைலசீனுக்குப் பதிலாக அதே வகை மருந்தான மெடெடோமிடின் பாவிப்பார்கள்.

தெளியவைக்கிற மாற்று ஊசி கையில் இல்லாமல் மயக்க ஊசியைத் தொடக்கூடாது. சைலசீனுக்கு யோகிம்பின், தோலசோலின், அட்டிபமசோல் உண்டு. கெட்டமினுக்கு மாற்று கிடையாது. கெட்டமின் உடம்பில் நிறைய இருக்கும்போதே சைலசீனுக்கு மட்டும் மாற்று ஊசி போட்டுவிட்டால், மான் விறைத்துத் தலையை நிலத்தில் அடித்துக்கொண்டு எழும்பும். ஆகவே கெட்டமின் போட்டு அரை மணித்தியாலமாவது கழியவேண்டும். மூச்சோ சூடோ கைமீறினால் மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை.

நிலாவெளி வேம்பு
ஒரு மானைக் கண்முன்னாலே சாகக் குடுத்த கோபத்தில எழுதுறன். இடத்தையும் ஆக்களையும் சொல்ல விரும்பேல்லை. காலில சின்னக் காயம். மத்தியானம், கச்சான் காத்து அனலா வீசுற நேரம், ஊசி போட்டினம். விழுந்ததும் பத்துப் பதினைஞ்சு பேர் சுத்தி நிண்டு ஃபோனில படம். பக்கவாட்டாக் கிடத்தி, ஒராள் கழுத்தில முழங்காலை வைச்சுக்கொண்டு இருந்தவர். வயிறு பம்மிப் பம்மி ஏறினதை நான் காட்டினன், ஒருத்தரும் கவனிக்கேல்லை. மூக்கால பச்சைத் தண்ணி வந்தது. மாற்று ஊசி "ஒபீசில கிடக்கு" எண்டினம். முடிஞ்சுது. சாகிற அளவுக் காயமே இல்லை அது.

தயவுசெய்து ஆக்களை வெளியில நிப்பாட்டுங்கோ. அதிகாலையில செய்யுங்கோ.

பழைய கூண்டுக்காவலர்
வேம்பு சொன்னது முழுக்க நடக்கிற கதை. அந்தப் பச்சைத் தண்ணி இரைப்பையில இருந்து மேல வந்தது, அது சுவாசப்பைக்குள்ள போனா முடிவுதான். முதல் நாள் பின்னேரமே தீனை நிப்பாட்டவேணும். இந்த வெயிலில தண்ணியைக் கனநேரம் நிப்பாட்டக் கூடாது, எப்ப எடுக்கிறது எண்டு டொக்டரைக் கேள்.

விழுந்தாப்பிறகு மானை நெஞ்சில இருத்தவேணும். முன்னங்கால் மடிஞ்சு, நெஞ்சு நிலத்தில, ரெண்டு பக்கமும் சாக்கு மூட்டை முண்டுகொடுத்து. கழுத்து உயர, மூக்கு நுனி கீழ நோக்கி, அப்பதான் எச்சில் வெளியில வடியும். பக்கவாட்டாக் கிடத்தியே ஆகவேணும் எண்டா வலப்பக்கம் கீழ. பெரிய இரைப்பை இடப்பக்கம் இருக்கு, அது மேல இருந்தாத்தான் காத்துப் பிரியும். இடப்பக்க விலாவைக் கையால தட்டிப் பாத்துக்கொண்டே இருக்க ஒராளை விடு, அவருக்கு வேற வேலை குடுக்காதை. கண்ணைக் கட்டு. கட்டுறதுக்கு முன்னம் கண் மருந்து போடவேணும், கெட்டமின் போட்டா இமை மூடாது, கண் காய்ஞ்சு புண்ணாப்போகும். காதுக்குப் பஞ்சு. கதைக்கிறதெல்லாம் கையால.

கடற்கரைக் காவல்
காதுக்குப் பஞ்சு எண்டதும்தான் யோசிச்சன். கோயில் மணி! காலைப் பூசைக்கு மணியும் லவுட்ஸ்பீக்கரும் ஒண்டாப் போடுவினம். அடைப்பு அவ்வளவு தூரம் இல்லை. ஐயரோடை கதைச்சன். அவர் உடனேயே "அண்டைக்கு ஸ்பீக்கர் வேண்டாம், வேலை முடிஞ்சு நீங்கள் கை காட்டினாப்பிறகு மணி அடிக்கிறன்" எண்டிட்டார். ஓட்டோக்காரருக்கும் ஹோர்ன் அடிக்க வேண்டாம் எண்டு சொல்லியாச்சு.

கிண்ணியாப் பட்டி
டொக்டர் சொன்ன தசை விசயம் எனக்குத் தெரியாது, நல்லா விளங்கிச்சு. இன்னொண்டு கேக்கிறன். வலையை இழை இழையா வெட்டிக்கொண்டு நிக்காம, கொம்பையே வாளால அறுத்து எடுத்தா வலை தன்பாட்டில கழண்டு வருமே?

வடகீழ் மிருகவைத்தியர்
நல்ல கேள்வி. கொம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தோல் உரிந்து முற்றின கொம்பு உயிரில்லாத எலும்பு, அடியிலிருந்து கொஞ்சம் விட்டு அறுத்தால் இரத்தமும் வராது, நோவும் இல்லை. பிறகு அது தானே விழுந்து புதிதாக முளைக்கும். மேலே மெல்லிய மயிர்த்தோல் மூடி வளர்ந்துகொண்டிருக்கிற கொம்பு அப்படி இல்லை. முழுக்க இரத்தக்குழாய், தொட்டாலே சூடாக இருக்கும், அறுத்தால் பீறிடும். புள்ளிமானுக்கு இதற்கென்று ஒரே பருவம் கிடையாது, ஒரே மந்தையில் இரண்டு நிலையிலும் ஆண்மான்களைப் பார்க்கலாம். இந்த மான் வேலியில் கொம்பை உரசியதாக எழுதியிருக்கிறார், அதனால் முற்றியிருக்கலாம். நேரில் பார்க்கிற டொக்டர் தீர்மானிக்கட்டும். மயக்க நேரம் குறையும் என்றால் அறுப்பதே மேல்.

ஆட்களின் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். ஊதுகுழல் சிரிஞ்சுக்குள் காற்றழுத்தம் இருக்கும், நிரப்பும்போது சீறிக் கண்ணில் வாயில் படலாம். கையுறை, கண்ணாடி போட்டுத்தான் தொடவேண்டும். சைலசீன் மனிதருக்கு ஏறினால் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் விழும், மூச்சு மந்தமாகும். மனிதருக்கென்று அனுமதிக்கப்பட்ட மாற்று மருந்து இல்லை. ஒருவருக்குப் பட்டால் வெட்கப்படாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு, மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். அடித்த ஊசிகளை எண்ணித் திரும்ப எடுங்கள். தவறி மண்ணில் விழுந்ததை நாளைக்கு ஒரு பிள்ளை மிதிக்கக்கூடாது.

கடற்கரைக் காவல்
வேலை முடிஞ்சுது. நடந்ததை அப்படியே எழுதுறன், வேற ஆருக்கும் உதவும்.

கிழக்கு வெளுக்கேக்கயே டொக்டர் வந்திட்டார். மான் முதல் நாளே அடைப்புக்குள்ள. பலகை இடைவெளிக்குள்ளால ஊதுகுழலை வைச்சுத் தொடைச் சதையில ஒரே ஊது. மான் ஒருக்காத் துள்ளிப்போட்டு நிண்டிட்டுது. டொக்டர் உடனே எல்லாரையும் பின்னுக்குப் போகச் சொன்னார். எட்டிப் பாக்கவும் விடேல்லை. கொஞ்ச நேரத்தில தலை தாழ்ந்தது, பின்னங்கால் அகண்டது, பிறகு மெல்லமா இருந்திட்டுது. இருந்தாப்பிறகும் அவர் போகேல்லை, மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகு பின்பக்கத்தால போய்க் காதுமயிரைத் தொட்டுப் பாத்தார், அசையேல்லை.

நாக்கில கிளிப் ஒண்டு மாட்டினார். இரத்தத்தில ஒட்சிசன் 86 வீதம் எண்டு காட்டிச்சுது. மூக்குக்குள்ள குழாய் வைச்சு ஒட்சிசன் விட்டதும் 94க்கு ஏறிச்சுது. கொம்பு முத்தினதுதான், ஆனா வலை அடியோட இறுகிக் கிடந்தபடியால் ஒரு கொம்பின்ர நுனிக் கிளையை மட்டும் அறுத்தவர், மிச்சத்தைக் கத்தரிக்கோலால வெட்டினம். காதடியில இறங்கின இழையைச் சுத்தித் தசை வளரத் துவங்கியிருக்கு. அதை இழுக்காம, ரெண்டு பக்கமும் வெட்டி, உப்புத்தண்ணி விட்டு விட்டு ஊறவைச்சுக் கழட்டினவர். உள்ள இருந்து புழு கொத்தாக் கொட்டுண்டுது. ஒவ்வொண்டா இடுக்கியால எடுத்தார்.

இடையில உடம்புச் சூடு 40.3 பாகைக்குப் போச்சு. அடிவயித்திலயும் தொடை இடுக்கிலயும் தண்ணி ஊத்தினம், 39.6க்கு வந்தது. புழுவுக்கும் கிருமிக்கும் ஊசி போட்டு, கடைசியா மாற்று ஊசி. காதுதான் முதல்ல ஆடினது. எழும்பி, கால் பின்னி, திரும்ப இருந்து, பிறகு நிண்டிட்டுது. ஐயருக்குக் கை காட்டினம்.

உவர்மலை அக்கா
கோணேசப் பெருமான் காப்பாத்தினார். ஐயருக்கும் டொக்டருக்கும் கோடி புண்ணியம். இனி மந்தையோட விடலாம்தானே? தனியா நிண்டா ஏங்கிப்போடாதா?

வடகீழ் மிருகவைத்தியர்
மிக நல்லபடி செய்திருக்கிறார்கள். 41 பாகைக்கு ஏறவிடாமல் பிடித்தது பெரிய விசயம். அந்தக் கோட்டைத் தாண்டினால் வேலையை அரைகுறையில் விட்டுவிட்டுத் தெளியவைப்பதுதான் முறை.

அக்காவுக்கு: இன்றைக்கு விடவேண்டாம். மாற்று ஊசியின் வலு குறையும்போது சிலதுக்கு மயக்கம் திரும்ப ஏறும். அந்த நேரத்தில் மந்தைக்குள் நின்றால் மற்ற ஆண்மான்கள் குத்திவிடும், கொம்பு நுனி வேறு போயிருக்கிறது. ஒரு இராத்திரி அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும். பலகைக்கு அந்தப் பக்கம் சாதுவான பெண்மான் ஒன்று நின்றால் ஏக்கமும் இருக்காது. முழுக்கத் தெளிந்து நேராக நடந்தபிறகு தண்ணீர், அதன்பிறகு கொஞ்சம் குழை.

அடுத்த இரண்டு கிழமைக்குச் சிறுநீரின் நிறம், நடை, அசைபோடுகிறதா என்று பாருங்கள். கறுத்துப் போனாலோ, பின்னங்கால் விறைத்தாலோ, தனியே ஒதுங்கினாலோ உடனே அறிவியுங்கள். தூரத்திலிருந்து பாருங்கள், நலம் விசாரிக்கவென்று ஆட்கள் உள்ளே போகக்கூடாது.

நிலாவெளி வேம்பு
மனசுக்கு ஆறுதலா இருக்கு. வேலியில மிச்ச வலை கிடந்தா முதல்ல அதைக் கழட்டுங்கோ.

கடற்கரைக் காவல்
ஓம் வேம்பு, சுத்துவேலி முழுக்கப் பாத்து எல்லா வலையையும் கழட்டி எரிக்காம மூட்டை கட்டி அனுப்பியாச்சு. பழைய கூண்டுக்காவலர் அண்ணை, ஒரு கேள்வி. இந்த அடைப்பை உடைக்காம வைச்சிருந்து, அடுத்தமுறை குளம்பு வெட்டுறது, தடுப்பூசி மாதிரி வேலைகளை மயக்காமலே செய்யலாமா?

பழைய கூண்டுக்காவலர்
செய்யலாம், உடைக்காதை. அடைப்பில இருந்து ஒடுக்கமான பாதை ஒண்டு இழு, மான் திரும்பேலாத அகலம், ஆள் உயரத்துக்கு மேல பலகை, மேலயும் மூடு. முடிவில பெட்டி மாதிரி ஒரு அறை, அதின்ர தரையில தராசு. அண்டாடம் அந்தப் பாதையாலதான் தீனுக்குப் போகவேணும் எண்டு பழக்கினா, நிறையும் ஊகமில்லாமத் தெரியும், மருந்துக் கணக்கு பிழைக்காது. தடுப்பூசியை அதுக்குள்ளயே போட்டிரலாம். குளம்புக்குச் சிலதுக்கு இலேசான மயக்கம் வேண்டித்தான் வரும். பலகையில உள்பக்கம் ஆணி நுனி தெரியாமப் பார், மூலைகளை வளைவா எடு. மரம் வாங்க முதல் அளவை இஞ்ச போடு, நான் பாத்துச் சொல்லுறன்.